சிட்டையும் பேரேடும்

தரவுத்தளத்தில் நாம் தட்டுகிற எண் எங்கே போகிறது? நேராக வன்தட்டுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது முதலில் போய் உட்காருவது நினைவகத்தில், அதுவும் எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில். கரண்ட் போனால் அந்த இடம் துடைத்த பலகை. ஆனாலும் வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், சம்பளப் பட்டியல் எல்லாமே அந்த இடத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. இந்தத் துணிச்சல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கும் உண்டு.

பொது இடம் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். யூனிக்ஸில் ஒவ்வொரு புராசஸும் தனிக் குடித்தனம். ஒருவர் வீட்டுச் சாமானை இன்னொருவர் தொட முடியாது. ஆனால் நூறு பேர் ஒரே கணக்கைப் பார்க்கவும் திருத்தவும் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பொதுக்கூடம் வேண்டும். 1983-ல் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் அதற்கு வழி கொடுத்தது. ஒரு புராசஸ் நினைவகத்தில் ஒரு துண்டை வாங்கி வைக்கும், மற்றவை அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆரக்கிளில் எஸ்.ஜி.ஏ. என்று சொல்வதும் இப்படிப்பட்ட பொதுக்கூடம்தான்.

போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்வோம். சர்வர் எழுந்ததுமே மொத்த இடத்தையும் ஒரே மூச்சில் வாங்கிவிடுகிறது. வழக்கமான அளவு 128 எம்.பி. அதை 8 கே.பி. அறைகளாகப் பிரித்தால் 16,384 அறைகள். எந்தப் பக்கம் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்ல ஓர் அட்டவணை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சீட்டு: இப்போது யாராவது உள்ளே இருக்கிறார்களா, சமீபத்தில் எத்தனை முறை தேடி வந்தார்கள், உள்ளே இருக்கும் பக்கம் திருத்தப்பட்டதா. அந்த நாளைய லினக்ஸில் இப்படிப்பட்ட ஒரு துண்டுக்கு வழக்கமான உச்சவரம்பு 32 எம்.பி. அதை ஏற்றாமல் பெரிய தரவுத்தளத்தை ஓட்ட முடியாது. 2013-ல் வந்த 9.3 பதிப்பு வேறு வழியில் இடம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

அறைகள் நிரம்பிவிட்டால் யாரைக் காலி செய்யச் சொல்வது? இதற்கே ஒரு தனிக்கதை இருக்கிறது. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் நிம்ரோட் மெகிடோவும் தர்மேந்திர மோதாவும் 2003-ல் ‘ஆர்க்’ என்ற நல்ல முறையொன்றை வெளியிட்டார்கள். 2005 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 8.0 அதை எடுத்துக்கொண்டது. ஐ.பி.எம். அதற்குக் காப்புரிமை கேட்டிருப்பது தெரியவந்ததும், சில மாதங்களில் 8.0.2-ல் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் 8.1-ல் வந்தது, 1960-களில் மல்டிக்ஸ் காலத்தில் கொர்பாட்டோ பயன்படுத்திய கடிகார முறையின் ஒரு வடிவம். முள் ஒவ்வொரு அறையாகச் சுற்றும். போகும்போது ஒவ்வொரு சீட்டிலும் ஒரு புள்ளியைக் குறைக்கும். யாரும் தேடிவராமல் பூஜ்யத்துக்கு வந்த அறையைக் காலி செய்யும். ஒரு சீட்டில் ஐந்து புள்ளிக்கு மேல் ஏறாது. எவ்வளவு பெரிய ஆளுக்கும் அதுதான் வரம்பு.

எனக்கு இதெல்லாம் ஏட்டுப் படிப்பாக நிற்காமல் போனது 2012 மின்வெட்டில். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தேன். சுற்றுப்பக்க ஊர்ப் பெண்கள் ஷூ அப்பரை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையால் தைத்துக் கொண்டுவருவார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, பெரிய தொகை இல்லை. கவுன்ட்டரில் எண்ணி ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். யு.பி.எஸ்ஸும் எத்தனை முறைதான் தாங்கும்? திரை கறுத்ததும் ஓர் அக்கா கேட்டார்: “இன்னாண்ணா, என் ஜோடிங்க எல்லாம் உள்ள கீதா, போச்சா?”

கேள்வி நியாயமானது. அவர் கேட்டது, அந்தப் பொதுக்கூடத்தில் இருந்தது என்ன ஆயிற்று என்றுதான்.

சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. இடம் போதாமல் ஓர் அறையைக் காலி செய்யும்போது, பாதியில் நிற்கும் கணக்கும் வன்தட்டுக்குப் போய்விடலாம். முடிந்த கணக்கோ இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். ஆக, கரண்ட் போன நொடியில் வன்தட்டில் இருப்பது, முடியாதது கொஞ்சம் சேர்ந்தும் முடிந்தது கொஞ்சம் விடுபட்டும் போன பேரேடு. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் தொட்ட பக்கங்களையெல்லாம் வன்தட்டில் எழுதிவிடலாமே என்றால், வேகம் செத்துப்போகும். 2001-க்கு முன் போஸ்ட்கிரெஸ் அப்படித்தான் திண்டாடியது.

இதற்கு முழுமையான விடை சொன்னவர்களில் முதன்மையானவர் சி. மோகன். தமிழ்நாட்டில் 1955-ல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தது ரசாயனப் பொறியியல், 1977-ல் முடித்தார். டெக்சாஸில் முனைவர் பட்டம் வாங்கி 1981-ல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். அவரும் நான்கு சகாக்களும் 1992-ல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல்களில் ஒன்று.

மண்டிக் கணக்கப்பிள்ளை மொழியில் சொன்னால், ஏரீஸ் நிற்பது சிட்டையின் மேல். நடப்பதை நடந்த வரிசையில் சிட்டையில் எழுது. பேரேட்டின் பக்கம் வன்தட்டுக்குப் போகுமுன் அதற்கான சிட்டை வரி போயிருக்க வேண்டும். கணக்கு முடிந்தது என்று சொல்லுமுன் அந்தக் கணக்கின் சிட்டை வரிகள் அத்தனையும் போயிருக்க வேண்டும். சிட்டை வரிசையாக எழுதப்படுவது, அதனால் வேகம் கெடாது. பேரேட்டைச் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம்.

விழுந்து எழுந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் மோகன் குழுவின் நுட்பம் இருக்கிறது. முதலில் சிட்டையைப் படித்து எங்கே நின்றோம் என்று பார். அடுத்து, நடந்த அத்தனையையும் அப்படியே மறுபடி நடத்து, முடியாமல் நின்றதையும் சேர்த்து. அதன் பிறகு முடியாததை மட்டும் பின்னோக்கி அவிழ். எந்தப் பக்கம் எதுவரை வந்திருக்கிறது என்பது எப்படித் தெரியும்? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடைசியாகத் தொட்ட சிட்டை வரியின் எண் இருக்கும். தோல்காரர்களுக்கு இது புதிதல்ல. பலருடைய தோல் ஒரே டிரம்மில் சுற்றும் இடத்தில் மையால் எழுதிய அடையாளம் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் நிற்காது. அதனால் தோலிலேயே ஓட்டை போட்டுக் குறி வைப்பார்கள். எத்தனை குளியல் போட்டாலும் குறி தோலோடு வரும்.

போஸ்ட்கிரெஸ் 7.1 பதிப்பில், 2001-ல், சிட்டை முறைக்கு வந்தது. பழைய வரிகளை அழிக்காமல் விட்டுவைப்பதால் அதற்கு அவிழ்க்கும் வேலை இல்லை, மறுபடி நடத்தினால் போதும். நாங்கள் ஓட்டியதும் அதுதான். அந்த அக்காவுக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான்: “சேவ் ஆச்சுன்னு திரைல வந்ததெல்லாம் கீதுக்கா. வராத கடைசி வரிய மட்டும் திரும்ப எண்ணிக்கலாம்.” கரண்ட் வந்ததும் அவரே திரையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

இந்தப் பகுதிக்குப் பொது இடம் என்றால் பாலாறும்தான். பல வருடங்களாக வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு அதிலும் நிலத்திலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவர் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்கு முக்கிய இடம் உண்டு. யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கண்டறிய ஓர் ஆணையமும் பிறகு அமைந்தது. எல்லாம் நடந்து முடிந்த பின், கெட்டுப்போன வயலையும் கிணற்றையும் பார்த்து, நடந்தது என்ன என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

கணினிக்காரர்கள் பொது இடத்தைக் கட்டியபோதே அது ஒருநாள் அழியும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு சிட்டையைத் திறந்து வைத்தார்கள். ஆற்றுக்கு அப்படி யாரும் வைக்கவில்லை.