இற்செறிப்பைக் கடந்த ஓட்டம்

பந்து, கழங்கு, ஓரை, புனலாட்டு எனச் சங்க மகளிரின் இளமை விளையாட்டால் நிறைந்தது. ஆயினும் பருவம் கண்டோ களவை ஐயுற்றோ தாய் மகளை இற்செறித்ததும் அவ்விளையாட்டு நின்றது. இளம்பெண்களை ஆடவிடாது அடைத்து வைப்பது அறத்திற்கு மாறானது என்று நற்றிணை 68ஆம் பாடலில் தோழி வழக்குரைக்கிறாள்.

பழங்கிரேக்கத்திலும் இத்தகைய எல்லை இருந்தது. ஒலிம்பியாவில் ஈரா என்னும் தெய்வத்திற்கு எடுத்த விழாவில் கன்னியர் மூன்று வயதுப் பிரிவினராய் ஓடினர். ஆடவர்க்குரிய ஓடுகளத்தில் ஆறில் ஒரு பங்கு அவர்களுக்குக் குறைக்கப்பட்டது. வென்றவர் ஒலிவ முடி சூடினர். மணமான மகளிரோ ஒலிம்பிக் போட்டியைக் காணவும் கூடாது. இச்செய்திகளைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பௌசானியஸ் எழுதி வைத்துள்ளார். கி.மு. 396இல் ஸ்பார்ட்டா இளவரசி கினிஸ்கா தேர்ப்போட்டியில் வாகை சூடியதும் குதிரைகளுக்கு உரியவர் என்ற முறையிலேயே ஆகும்.

நவீன ஒலிம்பிக்கில் மகளிர் தடகளம் 1928இல், ஆம்ஸ்டர்டாமில்தான் இடம்பெற்றது. 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதியில் சிலர் களைத்ததைப் பெரிதுபடுத்தி, அப்போட்டியை 1960 வரை விலக்கி வைத்தனர். ஆடவர் களைத்தால் அது வீரம்; மகளிர் களைத்தால் அதுவே குற்றம்.

இந்தியாவில் 1951ஆம் ஆண்டு, டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ரோஷன் மிஸ்திரி 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் தடகளத்தில் நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் ஓடினர். தோழியின் வழக்கு உலக மன்றில் ஏறியது அப்போதுதான் எனலாம்.

பள்ளியில் ஓடிய சிறுமி பூப்பெய்தியதும் களத்தினின்று விலக்கப்படும் வழக்கம் கொங்கு நாட்டிலும் முற்றாக மறையவில்லை. அது மறையும்வரை தோழியின் வழக்கும் தீர்ந்ததாகாது.