பைனலியோபோலினோயே

ஆழ்கடலில் வாழும் செதில்புழுக்களின் பேரினம். வளைதசைப்புழுத் தொகுதியில் போலினோயிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்துப் புழுக்களின் முதுகில் செதில்கள் இரு வரிசையாக அமைந்திருக்கும். கரையோரச் செதில்புழு ஒன்றுக்கு லின்னேயசு 1758-லேயே பெயரிட்டுவிட்டார். ஆழ்கடல் இனங்கள் அறிவியலின் கைக்கு எட்ட மேலும் நெடுங்காலம் ஆயிற்று.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் தேப்ருயேர், லோபியே இருவரும் 1988-இல் இப்பேரினத்தை நிறுவினர். அதன் முதல் இனமான சில்லார்டி அட்லாண்டிக்கைச் சேர்ந்தது. கலிபோர்னியாவுக்கு அப்பால், சாந்தா கேத்தலீனா படுகையில் கிடந்த திமிங்கில எலும்புக்கூட்டில் கிடைத்த புழுவை மரியன் பெட்டிபோன் 1993-இல் இரண்டாம் இனமாக விவரித்தார். போலினோயிடே குடும்பத்தில் செவுள் உடையனவாக 2020 ஆய்வு குறிப்பிட்ட பேரினங்கள் ஐந்தே. அவற்றுள் இதுவும் ஒன்று. வெந்நீர் ஊற்று, மீத்தேன் கசிவு, மூழ்கி அழுகும் திமிங்கில உடல் ஆகியவையே இவற்றின் வாழிடங்கள். அங்கெல்லாம் உணவுச் சங்கிலி சூரிய ஒளியை அன்றி வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிரிகளை நம்பியிருக்கிறது.

அடுத்த இனங்கள் சேர 27 ஆண்டுகள் ஆயின. கலிபோர்னியா வளைகுடாவின் பெஸ்கடேரோ படுகையில், சுமார் 3,700 மீட்டர் ஆழத்து ஊற்றுகளில் எடுத்த புழுக்கள் சில இளஞ்சிவப்பாகவும் சில நீலமாகவும் மின்னின. கண்ணுக்கு அவை வெவ்வேறு இனங்கள். மரபணுவோ ஒரே இனம் என்றது. புழு வளர வளரச் செதில் அடுக்கடுக்காகத் தடிக்கிறது. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் நிறம் மாறுகிறது என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். ஆழ்கடல் புழுக்களை நிறம் பார்த்து இனம் பிரிப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏவரி ஹாட்ச், ஹேபின் லியூ, ஸ்டெபான் ஊர்தெஸ், கிரெக் ரவுஸ் ஆகியோர் ஆறு மரபணுக்களை ஒப்பிட்டு, 2020-இல் ‘சூகீஸ்’ இதழில் நான்கு புதிய இனங்களை வெளியிட்டனர். அவற்றுள் பெஸ்கடேரோ புழு, நுண்ணுயிர் ஆய்வாளர் விக்டோரியா ஆர்ஃபனின் பெயரால் ஆர்ஃபனே ஆனது. பொன்னும் இளஞ்சிவப்புமாகப் பளபளக்கும் இன்னொன்று, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மேடை உடையை நினைவூட்டியதால் எல்விசி எனப்பட்டது. மற்ற இரண்டும் மினியோயி, காஃப்ரெடியே.

ஆர்ஃபனே புழுக்கள் பலவற்றின் செதில் ஓரங்கள் சிதைந்திருந்தன. காரணத்தை ஆழ்கடல் காணொளி காட்டிக்கொடுத்தது: இரு புழுக்கள் நேருக்கு நேர் துள்ளி, ஒன்றன் செதிலை மற்றொன்று கடித்தன. செதில்புழுக்களிடையே இத்தகைய சண்டை பதிவானது இதுவே முதன்முறை.