இருளரைப் பற்றி எழுதியது யார்?

இந்த எபிசோட் ஒரு எலி வளையில ஆரம்பிக்குது.

சேரப்பணஞ்சேரியில நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் பின்னாடி ஒரு காலி மனை. இந்தப் பக்கம் படப்பை, அந்தப் பக்கம் ஒரகடம் சிப்காட், நடுவுல நாங்க. போன மழைக்காலத்துல அந்த மனையில பாம்பு புகுந்துடுச்சுன்னு தெருவே கூடிடுச்சு. ஹவுஸ் ஓனர் யாருக்கோ போன் போட்டார். சைக்கிள்ல ஒரு பெரியவர் வந்தார். வளை வாயைக் குனிஞ்சு பார்த்தார், ஈர மண்ணை விரலால தொட்டார். "போயிடுச்சு தம்பி. விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி ஏரிப் பக்கம் போயிருக்கு"ன்னார். எனக்கு அது தரையில ஒரு ஓட்டை. அவருக்கு அது லாக் ஃபைல். யார் உள்ள போனாங்க, யார் எப்போ வெளிய வந்தாங்கன்னு வரி வரியா வாசிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

அவர் இருளர்னு ஓனர் அப்புறமா சொன்னார்.

அந்த வாரம் நான் வேற ஒரு எபிசோடுக்காகப் படிச்சுட்டு இருந்தேன். அமெரிக்காவோட வடகிழக்கு மூலையிலயும் அதை ஒட்டின கனடாவுலயும் வாழற வபனாக்கி மக்களைப் பற்றி. வபனாக்கின்னா 'விடியல் நிலத்து மக்கள்'னு பொருள், அவங்க மொழிச் சொல்லே அது. அவங்கள்ல ஒரு பிரிவு பெனோப்ஸ்காட். ஃபிராங்க் சீபர்ட்னு ஒரு டாக்டர் பல வருஷம் அவங்க மொழியைக் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சார். 1998-ல் அவர் இறந்த பிறகு அந்தத் தாள்கள் ஃபிலடெல்ஃபியாவுல இருக்கிற அமெரிக்கன் ஃபிலசாஃபிக்கல் சொசைட்டிக்குப் போச்சு. பாட்டி பேசின சொல்லைப் பார்க்க பேத்தி ஊர் விட்டு ஊர் போகணும்.

கடல் தாண்டி இருக்கிறவங்களுக்காக உச்சு கொட்டிட்டு இருந்த எனக்கு, பக்கத்து ஏரிக்கரையில இருக்கிறவங்களைப் பற்றி ஒரு வரி தெரியல. கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு. அதனால வபனாக்கி எபிசோடை ஓரமா வெச்சுட்டு, இருளரைப் பற்றி யார் என்ன எழுதியிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல கிடைச்சவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர். மனுஷங்க மண்டையையும் மூக்கையும் கருவி வெச்சு அளந்து, அதிலிருந்து ஒரு கூட்டத்தோட குணத்தையே சொல்லிடலாம்னு நம்பின காலத்து ஆள். ரங்காச்சாரியோட துணையோட 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். இருளர் வர்றது 2-ஆம் தொகுதியில. நீலகிரி இருளர் தனியா, செங்கல்பட்டு, ஆற்காடு சமவெளி இருளர் தனியா. நம்ம பக்கத்து இருளருக்கு 'வில்லியர்'ங்கிற பேரும் அதுல இருக்கு. வில் வெச்சிருந்தவங்க. என்ன சாப்பிட்டாங்க, எப்படி கல்யாணம் பண்ணாங்க, எல்லாம் இருக்கு. அந்தத் தொகுதிகளைத் தூக்கிப் போட முடியாது, ஏன்னா வேற எங்கயும் இல்லாத விவரம் நிறைய. ஆனா படிக்கும்போது ஒண்ணு தெரியும்: அளக்கிறவர் பேசுறார், அளக்கப்பட்டவர் பேசல.

அடுத்த கட்டம் தோல். பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் பாம்புத் தோல் ஏற்றுமதி ஆன காலத்துல, பாம்பைப் பிடிச்சுக் கொடுத்தவங்க இருளர். லாபம் வேற யாருக்கோ. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976-ல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு நல்லது, சந்தேகமே இல்ல. ஆனா தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச ஒரு வேலை ராத்திரியோட ராத்திரியா குற்றமாயிடுச்சு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம். 1978-ல் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. ரோமுலஸ் விட்டேகர் துணையா இருந்தார். ஐடியா ரொம்ப சிம்பிள்: பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை மட்டும் எடுப்போம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகையை அரசு அனுமதியோட பிடிப்பாங்க. சில வாரம் பானையில வெச்சு, நாலு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் போட்டுத் திரும்பவும் விட்டுடுவாங்க. அடையாளம் எதுக்குன்னா, அதே பாம்பு மறுபடி சிக்கினா உடனே தெரியணும். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துல உருவாகிற எதிர்ப்பொருளைப் பிரிச்சுத்தான் விஷமுறிவு மருந்து தயாரிக்கிறாங்க. அரசு ஆஸ்பத்திரியில பாம்புக்கடிக்குப் போடற ஊசியில இவங்க கை இருக்கு.

2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேரை ஃபுளோரிடாவுக்குக் கூப்பிட்டாங்க. அங்க பெருகிப்போன பர்மிய மலைப்பாம்பைக் கண்டுபிடிக்கிறதே பெரிய பாடு. இவங்க ரெண்டு வாரத்துக்குள்ள 13 பிடிச்சாங்க. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

இந்த இடத்துல எபிசோடை முடிச்சிருந்தா நல்லா கைதட்டு வாங்கியிருக்கலாம். முடிக்க முடியல. தமிழ்நாட்டுல இருளர் சுமார் 1.9 லட்சம் பேர்னு 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்லுது. அதுல பாம்பு பிடிக்க உரிமம் இருக்கிறவங்க சில நூறு பேர்தான். மிச்சப் பேருக்கு அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டு. கொத்தடிமை முறையை ஒழிச்ச சட்டம் 1976-லேயே வந்தாச்சு, ஆனா காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் மீட்கப்பட்டவங்க செய்தியில இருளர் பேரை இன்னைக்கும் பார்க்கலாம். இதிலிருந்து வெளிய வர ஒரு வழி படிப்பு. அதுக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேணும். இங்க அதைக் கொடுக்கிறது தாசில்தார் இல்ல, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான்.

அந்தச் சான்றிதழைச் சரிபார்க்கிறது எப்படின்னு 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு முறை வகுத்துச்சு. தாள்களோட சேர்த்து, குலதெய்வம், சடங்கு, கல்யாண முறை, சாவுச் சடங்கு எல்லாத்தையும் விசாரிக்கணும். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு, அதுல நியாயம் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. தர்ஸ்டன் காலத்துல வெளியாள் குறிச்சு வெச்ச அதே மாதிரி விவரம்தான், கொள்ளுப்பேரனுக்குப் பரீட்சை வினாத்தாள். அதுவும் தாத்தா பேர்ல பட்டா கிடையாது, பள்ளிக்கூடப் பதிவேடு கிடையாது. காட்டுறதுக்கு வேற என்ன இருக்கு? 2011-ல் ஆனந்த் வழக்குல அதே நீதிமன்றம் இதைக் கவனிச்சது. காலம் மாற மாற வழக்கமும் மாறும், அதனால இந்தப் பொருத்தச் சோதனையை மட்டும் வெச்சு ஒருத்தரை ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. 2023-லயும் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரை போனீங்கன்னா, ஊர் ஊரா வந்த இருளர் குடும்பங்கள் மணல்ல புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கியிருப்பாங்க. கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில கல்யாணம் பேசி முடிச்சு, அங்கேயே தாலி கட்டுவாங்க. படிச்சுட்டு வேலைக்குப் போற பசங்களும் அந்தக் கூட்டத்துல நிப்பாங்க.

அந்தப் பெரியவரை அப்புறம் டீக்கடையில பார்த்தேன். பேரன் பிளஸ் டூ முடிச்சுட்டான், சான்றிதழுக்கு நாலு தடவை நடந்தாச்சுன்னார். நான் சும்மா, "பேரனுக்கும் பாம்பு பிடிக்கக் கத்துக் கொடுத்தீங்களாய்யா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சுட்டார். "எங்க தம்பி, அவன் பல்லியப் பார்த்தாலே ஓடுவான்."