பழைய மிதிவண்டியின் பெருமை

என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தாத்தாவின் பழைய மிதிவண்டியில் பள்ளிக்கு வருவான். புதிய மலை மிதிவண்டி வைத்திருந்த சிலர் அவனைக் கேலி செய்தனர். கண்டிப்பதைவிட வரலாற்றைக் கூறுவதே நன்று என எண்ணினேன்.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் பகுதி இளைஞர்கள் சிலர், 1930, 40களில் செய்யப்பட்ட தடித்த டயர் மிதிவண்டிகளை மலிவாக வாங்கினர். அவற்றை லாரியில் ஏற்றி மலைமேல் கொண்டுசென்று, மண்பாதையில் ஓட்டி இறங்கினர். 1976 அக்டோபர் 21ஆம் நாள் ஃபேர்ஃபேக்ஸ் நகருக்கருகே முதற்போட்டி நடந்தது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் பாதையில் 400 மீட்டர் இறக்கம்! பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்துவிடும். மீண்டும் மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பாதை 'ரீபேக்' எனப் பெயர் பெற்றது.

அக்குறையே ஆசானாயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே புதிய மிதிவண்டியை உருவாக்கினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1996இல் மலை மிதிவண்டிப் போட்டி அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

"அப்படியென்றால் என் வண்டிதான் மூத்தது, டீச்சர்!" என்றான் அம்மாணவன். வகுப்பே சிரித்தது, அதில் கேலி இல்லை.

அன்று மாலை அவனே என்னிடம் வந்து, பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்றான். பார்த்தேன், பிரேக் கட்டை முற்றிலும் தேய்ந்திருந்தது. கேலிக்கு அஞ்சி இத்தனை நாள் மறைத்திருக்கிறான்!

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கும்போது வண்ணத்தையும் கியர் எண்ணிக்கையையும் பின்னர் பாருங்கள். பிரேக்கையும், பிள்ளையின் உயரத்தையும், அவன் செல்லும் பாதையையும் முதலில் பாருங்கள்.