நவாகோ குறிமொழியாளர்கள்

நவாகோ குறிமொழியாளர்கள் என்போர் இரண்டாம் உலகப் போரில் தமது தாய்மொழியைக் கொண்டு இரகசியச் செய்திகளைப் பரிமாறிய, ஐக்கிய அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்த நவாகோ பழங்குடி வீரர்கள் ஆவர்.

பின்னணி

1864 இல் அமெரிக்கப் படை நவாகோ மக்களை அவர்களது நிலத்திலிருந்து வெளியேற்றியது. 1868 உடன்படிக்கையின் பின்னரே அவர்கள் திரும்பினர். பிற்காலத்தில் அரசு உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய நவாகோ சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர். அதே மொழியைப் போரில் பயன்படுத்தலாம் என 1942 இல் பிலிப் ஜான்ஸ்டன் என்பவர் மரைன் படையிடம் முன்மொழிந்தார்.

குறிமொழி

முதலில் சேர்ந்த 29 நவாகோ வீரர்கள் இக்குறிமொழியை உருவாக்கினர். ஆமை பீரங்கி வண்டியையும், உருளைக்கிழங்கு கைக்குண்டையும், இரும்பு மீன் நீர்மூழ்கிக் கப்பலையும் குறித்தன. அமெரிக்காவுக்கு வழங்கிய சொல்லின் பொருள் "எம் தாய்" என்பதாகும். பயிற்சி பெறாத நவாகோ மக்களுக்கும் இது விளங்காது. பின்னர் ஏறத்தாழ 400 பேர் இப்பணியாற்றினர். 1945 இல் இவோ ஜிமா சமரின் முதல் இரு நாட்களில் ஆறு பேர் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிப் பரிமாறினர். சப்பானியரால் இக்குறிமொழியை உடைக்க இயலவில்லை.

போருக்குப் பின்

வீடு திரும்பிய வீரர்களுக்கு அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948 வரை வாக்குரிமை மறுக்கப்பட்டது. போரின் தாக்கம் நீங்கப் பலர் "எதிரி வழி" எனும் மரபுச் சடங்கை மேற்கொண்டனர். 1968 வரை குறிமொழி இரகசியமாகவே இருந்ததால், தமது பணியை வெளியில் கூறவும் இயலவில்லை. 2001 இல் முதல் 29 பேருக்கும் காங்கிரசு தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அப்போது அவர்களுள் ஐவரே உயிருடன் இருந்தனர். அவர்களுள் இறுதியானவரான செஸ்டர் நெஸ் 2014 இல் காலமானார்.