ஷெனாய் நகரிலிருந்து சிட்னி வரை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நிறைய வந்திருக்கு." சரி, நீச்சலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். என் பேட்ச் நண்பர்கள் சிரிப்பார்கள். பிச்சாவரம் படகில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

கடலூர்க்காரன் நான். கிழக்கே தேவனாம்பட்டினம் கடல், ஊருக்குள் கெடிலம், வடக்கே பெண்ணையாறு. இத்தனை தண்ணீர் இருந்தும் வீட்டில் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி பக்கம் போகாதே." 2004 சுனாமிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

இதே பயத்தில்தான் நிஷா மில்லெட்டின் கதையும் தொடங்குகிறது. 1982-ல் பெங்களூரில் பிறந்தவர். ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கி மயிரிழையில் தப்பினார். அவருடைய அப்பா ஆப்ரே மில்லெட் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நேர் எதிராக யோசித்தார். பயம் போக வேண்டுமானால் நீந்தத் தெரிய வேண்டும் என்று 1991-ல் சென்னை ஷெனாய் நகர் கிளப்பில் தாமே மகளுக்குக் கற்றுக் கொடுத்தார். அடுத்த வருஷமே 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாநில அளவில் பதக்கம்!

ஃப்ரீஸ்டைல் என்றால் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம் என்றுதான் பொருள். ஆனால் எல்லோரும் குப்புறப் படுத்து மாற்றி மாற்றிக் கைவீசும் ஒரே முறையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதைவிட வேகமானது கிடையாது.

1994 ஒரு விசேஷமான வருஷம். சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் ஜலசந்தி, இங்கிலீஷ் கால்வாய் உட்பட ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளை நீந்திக் கடந்து, மிஹிர் சென்னின் 1966-ம் ஆண்டுச் சாதனையை முறியடித்தான். பத்திரிகை எல்லாம் அவன் படம்தான். அதே ஆண்டில் அதே வயதுப் பெண்ணான நிஷா, சப்-ஜூனியராக இருக்கும்போதே சீனியர் தேசியப் போட்டியில் ஃப்ரீஸ்டைல் பிரிவுகள் ஐந்திலும் தங்கம் வாங்கினார். பிறகு அவரது பயிற்சி பெங்களூர் பசவனகுடி நீச்சல் மையத்துக்கு மாறியது. குற்றாலீஸ்வரன் ஸ்பான்சர் கிடைக்காமல் கடலை விட்டுவிட்டு, நம்மைப் போலவே இன்ஜினீயரிங் படிக்கப் போனார். (இன்ஜினீயரிங்குக்கு லாபம், நீச்சலுக்கு நஷ்டம். என் ஜூனியர்களிலும் ப்ளஸ் டூ வந்ததும் குளத்தை விட்டவர்கள் உண்டு.)

நிஷா விடவில்லை. 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திய முதல் இந்தியப் பெண் அவர்தான். 1999 மணிப்பூர் தேசிய விளையாட்டுப் போட்டியில் 14 தங்கம். 2000-ல் அர்ஜுனா விருது. அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், இந்திய நீச்சல் அணியின் ஒரே பெண்ணாக 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கினார்.

அங்கே நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. தன் ஹீட்ஸில் அவர் முதலாவதாக வந்தார். ஆனாலும் அரையிறுதிக்குப் போக முடியவில்லை! மெதுவான ஹீட்ஸில் முதலிடம் என்பது கணக்கில் வராது, நேரம்தான் கணக்கு. அவர் எடுத்துக்கொண்டது சுமார் 2 நிமிஷம் 9 விநாடி. தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவின் சூசி ஓ'நீலுக்கு இறுதிப் போட்டியில் ஆனது 1 நிமிஷம் 58.24 விநாடி.

பத்து விநாடிதானே என்று தோன்றும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதை வெல்லத் தேவையான திறன் கனத்தில் ஏறும். ஒன்பது சதவீதம் கூடுதல் வேகத்துக்கு ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். அந்த முப்பது சதவீதத்தை உள்ளூர்க் குளத்தில் விடியற்காலை எழுந்து நீந்தி மட்டும் சேர்த்துவிட முடியாது. நல்ல சாப்பாடு, பிசியோதெரபி, வெளிநாட்டுப் போட்டிகள் என்று எல்லாமே பணம். அதில் பெரும் சுமை அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது.

2002-ல் முதுகில் ஆபரேஷன். அதற்குப் பிறகும் மீண்டு வந்து ஏதென்ஸ் 2004-க்கு முயன்றார், தகுதி நேரத்தைக் கொஞ்சத்தில் தவறவிட்டார். குடும்பம் அதற்குமேல் செலவு தாங்காத நிலையில் போட்டி நீச்சலுக்கு முழுக்குப் போட்டார். பின்பு பெங்களூரில் சொந்தமாக நீச்சல் பள்ளி தொடங்கி, பச்சைக் குழந்தைகள் முதல் பயந்த பெரியவர்கள் வரை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

பயந்த பெரியவர் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மே மாத லீவில் என் மகளைக் கடலூர் அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் சேர்த்தேன். "தண்ணி பக்கம் அனுப்பாதேடா" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. முதல் வாரம் மூக்கில் தண்ணீர் ஏறி ஒரே அழுகை. மூன்றாம் வாரம் குறுக்குவாட்டில் அந்தக் கரை தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து, "நீயும் வாப்பா" என்றாள். கோச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கினேன், இடுப்பளவு ஆழம் வரைக்கும்.