இரும்பில் ஒரு கல்வெட்டு



உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கல்வெட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலை விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம். அதிகாரம் யார் கையில், எந்த நிபந்தனையோடு என்பதைக் கல் சொல்கிறது. இரும்பும் அதைச் சொல்லும். இயந்திரவியல் படித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தியப் போலீசாரின் 410 மஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அது ‘த்ரீ நாட் த்ரீ’ ரைஃபிள் மாதிரியேதான் இருக்கும். இருக்காதா பின்னே? அந்த ராணுவ ரைஃபிளைத்தான் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் மாற்றி அமைத்தார்கள். 0.303 அங்குலக் குழலை (7.7 மி.மீ.) 0.410 அங்குலமாக (10.4 மி.மீ.) விரித்து, உள்ளே இருந்த சுருள் வரிப்பள்ளத்தை எடுத்துவிட்டார்கள். மேகசின் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை! இனி ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான்.

அடையாளம் காண்பது எப்படி? உலோகத்தில் ‘.410’ என்ற முத்திரை இருக்கும். கைப்பிடி அருகே உள்ள இரும்புப் பட்டையின் வலப்பக்கம் கிரீடம், அதன் கீழே ‘ஜி.ஆர்.ஐ.’, தொழிற்சாலைப் பெயர், வருடம். இங்கிலாந்தில் செய்ததில் ‘ஜி.ஆர்.’ மட்டும்தான், அதாவது ஜார்ஜ் மன்னர். நம்முடையதில் கூடுதலாக இருக்கும் ‘ஐ’ சக்கரவர்த்தி என்பதைக் குறிக்கும். அந்தப் பட்டம் 1948-ல் கைவிடப்பட்டது. பிறகு இஷாப்பூரில் செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. ஒரு நாட்டின் விடுதலையே அந்தச் சின்ன முத்திரையில் இருக்கிறது!

சரி, நல்ல ரைஃபிளை ஏன் இப்படிக் குறைக்க வேண்டும்? வரிப்பள்ளம்தான் குண்டைச் சுழல வைத்து நேராக வெகுதூரம் அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் கிட்டத்து இலக்குக்கு மட்டுமே ஆகும். கூட்டத்தைக் கலைக்கவும் சிறைக் காவலுக்கும் அது போதும். ஆனால் இந்த யோசனைக்கு ஒரு தாத்தா உண்டு. 1857 புரட்சிக்குப் பின், 1858-ல், இந்தியச் சிப்பாய்க்கென்று என்ஃபீல்டு துப்பாக்கியின் 0.577 அங்குலக் குழலை 0.656-க்கு வழவழப்பாக விரித்தார்கள்; குறிபார்க்கும் அமைப்பையும் எளிமையாக்கினார்கள். வெள்ளைச் சிப்பாய் கையில் ரைஃபிள், நம்மவர் கையில் மஸ்கட். அவநம்பிக்கையைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து எடுத்த கதை இது.

இன்னொரு விஷயம். இந்த மஸ்கட்டின் தோட்டா 303 தோட்டாவின் கூட்டைக் கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டுச் செய்தது. கடையில் விற்கும் 410 வேட்டைத் தோட்டா வேறு. பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்தால் ஆபத்து. அளவைப் பார், பெயரைப் பார்க்காதே என்பது நம் தொழிலின் முதல் பாடம் அல்லவா?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. கல்வெட்டைச் சுரண்டினால் வரலாறு போகும். இந்த எண்ணைச் சுரண்டினால் சுட்டது எந்தத் துப்பாக்கி என்ற சாட்சியே போகும்.

தம்பிகளே, அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கியைப் பார்த்தால் குழலை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். முத்திரையைப் படியுங்கள். யார் யாரை நம்பினார்கள், யாரை நம்பவில்லை என்று அது சொல்லும்.